அத்தாவின் மடி

என் வீட்டுக்காரர் முஸ்தஃபா நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு குடும்பம் நடத்துவதில் ஒரு கஷ்டம் உண்டு. அவர்கள் தப்புச் செய்தால் அதைத் தப்பு என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் உட்பட. குடிக்கிறவர், கை நீட்டுகிறவர் என்றால் ஊரைக் கூட்டலாம். ஐந்து வேளைத் தொழுகையை விடாத, குரலை உயர்த்தாத, கடையில் வீணாகப் போகிற பேரீச்சம்பழத்தைக்கூட முதலாளியிடம் கேட்டுவிட்டு எடுத்து வருகிற ஒருவர்மேல் என்ன புகார் சொல்வது? பெற்ற மகளை மடியில் உட்காரவைப்பதில்லை என்றா?

ஆமாம், அதுதான் என் புகார்.

நாங்கள் பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். நான் வீட்டிலிருந்தே கடைத்தெருத் துணிக்கடைகளுக்கு பாஜு குரோங் என்கிற மலாய் உடுப்புத் தைத்துக் கொடுக்கிறேன். அவருக்கு அதே தெருவில் ஒரு மசாலாக் கடையில் வேலை. சாயங்காலம் வந்து, உடம்பிலிருக்கிற மிளகாய் நெடி போகக் குளித்து, தொழுகைக்காகக் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து, வெள்ளைக் கைலியும் வெள்ளைச் சட்டையுமாகத் தொழுகை விரிப்பில் உட்கார்ந்தாரென்றால் மஃரிப் என்கிற அந்தித் தொழுகையிலிருந்து இஷா என்கிற இரவுத் தொழுகை வரை எழுந்திருக்க மாட்டார். அந்த நேரம் முழுக்க இமானுடையது. எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. மடியில் ஏறி உட்கார்ந்து, அவர் தாடிக்குள் விரலை விட்டுக்கொண்டே குர்ஆனின் சின்னச் சூராக்களை ஓதுவாள். தப்பாக ஓதினால் அவர் திருத்துவதற்குப் பதிலாகச் சிரிப்பார். 'இப்படிச் சொல்லிக் கொடுத்தா பிள்ளை உருப்பட்ட மாதிரிதான்' என்று நான் அடுப்படியிலிருந்து கேலி செய்வேன்.

அவளுக்கு ஐந்து வயது முடிந்த சமயம். ஒருநாள் ஓதிக்கொண்டிருந்தவளை அவர் சட்டென்று தூக்கிப் பக்கத்தில் இறக்கி வைத்தார். வெள்ளைக் கைலியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஈரம். அவர் திட்டவில்லை. எழுந்து போய்க் கால் கழுவி, கைலியை மாற்றி, மறுபடி ஒளுச் செய்துவிட்டு வந்து தொழுதார். இமான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரியவில்லை என்பதை அவள் முகமே சொன்னது.

அதே வாரத்தில் இன்னொரு முறை. அதற்கப்புறம் அவள் விரிப்புப் பக்கம் வந்தாலே அவர் உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவார்.

"அங்கேயே உக்காரும்மா. அத்தா ஒளுவோட இருக்கேன்."

அவளும் சொன்ன பேச்சுக் கேட்கிறவள். இரண்டு முழம் தள்ளி பிளாஸ்டிக் பாயில் உட்கார்ந்து ஓதினாள். பிறகு அடுப்படி வாசலில் நின்று ஓதினாள். பிறகு ஓதுவதையே விட்டுவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நபி அவங்க பேத்தியத் தோள்ல தூக்கி வெச்சிக்கிட்டே தொழுதிருக்காங்க. நீங்கதான் எனக்கு அதைச் சொன்னீங்க" என்றேன்.

"அந்தப் பிள்ளைக்கு இப்படி இல்லையே, ஷாஹிரா" என்றார். மெதுவாக, வருத்தமாகத்தான் சொன்னார். அப்படிச் சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

நாளுக்கு நாள் மோசமானது. காலையில் போட்ட ஜட்டி பத்து மணிக்குள் கறைபடும். மாற்றினால் மதியத்துக்குள் அதுவும். கறை என்றால் முழுதாகப் போனதில்லை. தண்ணீராக, சேறு பூசினாற்போல. நாற்றம் மட்டும் முழுதாக இருந்தது. அவளுக்கு மட்டும் அந்த நாற்றம் எட்டவேயில்லை. "ஏன்டி, வருதுன்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டால், "எனக்குத் தெரியலம்மா" என்பாள். தெரியாமல் எப்படி இருக்கும் என்று நானும் கத்தியிருக்கிறேன். துணியெடுக்கப் போனபோது வாஷிங் மெஷினுக்குப் பின்னால் காய்ந்துபோன ஜட்டிகள் கிடைத்தன. ஒளித்து வைக்கிற அளவுக்குத் தெரிகிறது, சொல்கிற அளவுக்குத் தெரியவில்லையா என்று அதற்கும் கத்தினேன்.

அவள் போகிற தடிக்காவில், அதாவது பாலர் பள்ளியில், டீச்சர் பம்பர்ஸ் போட்டு அனுப்பச் சொன்னார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு, பாவாடைக்குள் பம்பர்ஸ். கூடப் படிக்கிற பிள்ளைகள் 'பூசுக்' என்று பெயர் வைத்தார்கள்; மலாயில் நாற்றம் பிடித்தது என்று அர்த்தம். ஒருநாள் அவளே தன் பொம்மையைப் 'பூசுக், தள்ளி உக்காரு' என்று அதட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன்.

மூன்றாவது மாடியில் சலேஹா லாத்தா இருக்கிறார். என் வீட்டுக்காரரின் அக்கா. நாலு பிள்ளைகளை வளர்த்தவர் என்பதால் இந்த ஃப்ளாட்டில் யார் வீட்டுப் பிள்ளைக்கு எது வந்தாலும் முதல் வைத்தியம் அவருடையது. யாரும் கூப்பிட வேண்டியதில்லை. லிஃப்ட் வேலை செய்யாவிட்டாலும் ஏறி வந்துவிடுவார். கையில் பாசமும் இருக்கும், ஏதாவது ஒரு கஷாயமும் இருக்கும்.

"வயித்தால போகுதுலா. இது தெரியலையா உனக்கு?" என்றார். பாலை நிறுத்தினார். பப்பாளியை நிறுத்தினார். காலையும் மாலையும் சீனி போடாத கட்டித் தேத்தண்ணி, மாதுளம் ஓட்டுத் தண்ணி. வெறும் கஞ்சி. பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள். குடித்தால் நின்றுவிடும் என்று லாத்தா சொன்னார், நின்றுவிட்டால் அத்தாவிடம் போகலாம் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

நிற்கவில்லை. வயிறு மட்டும் முட்டிக்கொண்டு வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் லாத்தாவிடம் சொல்லாமல் அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் சுபாஷினிக்கு என்னைவிட வயது குறைவு. இமானைப் படுக்கவைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றைத் தொட்டார். இடப்பக்கம் அடிவயிற்றில் நிறுத்தினார். "அக்கா, உங்க கையக் குடுங்க" என்று என் விரல்களைப் பிடித்து அங்கே வைத்தார். மெல்லிய தோலுக்கு அடியில், மரவள்ளிக் கிழங்கு போல நீளமாக, கெட்டியாக ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. எனக்கு உடம்பு சில்லிட்டது. கட்டி என்றுதான் நினைத்தேன்.

"பயப்படாதீங்க, மலம்தான்" என்றார் டாக்டர். "வயித்தால போறது இல்லக்கா இது. நேர்மாறு. உள்ள பல நாளா அடைச்சுக் கெட்டியாயிடுச்சு. அதச் சுத்தி தண்ணியா இருக்கிறது மட்டும் ஒழுகி வெளிய வருது. அது வெளிய வர்றது அவளுக்குத் தெரியாது. உள்ள இடம் விரிஞ்சு விரிஞ்சு உணர்ச்சி மழுங்கிப் போச்சு. சோம்பேறித்தனமோ வீம்போ இல்ல. எத்தன தடவ திட்டினாலும் அவளால நிறுத்த முடியாது."

இமான் படுத்தபடியே என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேனே என்று அவள் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சட்டையை இறக்கி விட்டுக்கொண்டாள்.

"முதல்ல எப்பவாச்சும் போகும்போது ரொம்ப வலிச்சுதா? ரத்தம் ஏதும்?" என்று டாக்டர் கேட்டார்.

வலித்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. போன நோன்புப் பெருநாளைக்கு முந்தின நாட்கள்.

எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகள் அரை நோன்பு வைப்பார்கள். மதியம் வரை சும்மா இருந்துவிட்டு, பாங்கு சொன்னதும் சாப்பிடுவார்கள். விளையாட்டு மாதிரி. யாரும் வைக்கச் சொல்வதில்லை, கடமையும் இல்லை. இமான் அரை நோன்போடு நிற்கவில்லை. பெரியவர்கள் மாதிரி மஃரிப் வரை இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்து இருந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் அத்தா பெருமையில் பூரித்துப்போனார். கடையில் சொன்னார், பள்ளிவாசலில் சொன்னார். கடை முதலாளி நூர் முகம்மது அவளுக்கு ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்தார். பாராட்டப் பாராட்ட அவள் நோன்பு நீண்டுகொண்டே போனது. நோன்பு திறக்கிற நேரத்திலும் இரண்டு வடையைத் தின்றுவிட்டு அத்தா மடியிலேயே தூங்கிவிடுவாள். பெருநாளுக்கு இரண்டு நாளைக்கு முன்னால் கழிப்பறையில் அவள் அலறிய அலறலில் எதிர்வீட்டுச் சீனத்தி ஓடி வந்தாள். கல்லாகப் போயிருந்தது. ரத்தம் சொட்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் தையல் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவக்க முக்குவாள். போக முயற்சி செய்கிறாள் என்று நினைத்தேன். "அது முக்குறது இல்லக்கா. வெளிய வராம இறுக்கிப் பிடிக்கிறா. வலிக்கும்னு பயம்" என்றார் டாக்டர். இத்தனை மாதமாக என் கண்ணெதிரே, என் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு.

தூள் மருந்து கொடுத்தார். தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அடைத்திருப்பது கரைந்து வெளியேறும் வரை நிறையக் கொடுக்க வேண்டும், அப்புறம் குறைத்துப் பல மாதம் கொடுக்க வேண்டும். "முதல்ல இப்ப இருக்கிறதவிட அதிகமா ஒழுகும். அதப் பார்த்துப் பயந்து நிறுத்திடாதீங்க. வீட்டுல எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்று இரண்டு தரம் சொன்னார்.

எல்லாருக்கும் சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். லாத்தா, "மலம் அடைச்சிருந்தா ஏன் ஒழுகுது? இந்தக் காலத்து டாக்டருங்களுக்கு மாத்திரை எழுதத்தான் தெரியும்" என்றார்.

டாக்டர் சொன்னபடியே ஆனது. ஒழுகியது என்று சொன்னால் போதாது. கால் வழியே இறங்கியது. படுக்கை, நாற்காலி, தரை. தடிக்காவுக்கு அனுப்பவில்லை. இமான் சோபாவில் உட்காரப் பயந்து நின்றுகொண்டே பொம்மைப்படம் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மதியம் லாத்தா ஏறி வந்து அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் தம்பிக்கு ஃபோன் போட்டார். ஜும்ஆ தொழுகை முடிந்து கடைக்குப் போக வேண்டியவர் நேரே வீட்டுக்கு வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"மருந்து பிள்ளைய உருக்குது முஸ்தஃபா. பாரு, தண்ணியா ஊத்துது. இப்படியே விட்டா பிள்ளை செத்துரும்" என்றார் லாத்தா. பிளாஸ்க் நிறையக் கட்டித் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "மருந்த நிறுத்து ஷாஹிரா. லாத்தா சொல்றதுல என்ன தப்பு? கண்ணு முன்னாடி தெரியுதே."

நான் பிளாஸ்கை வாங்கினேன். மூடியைத் திறந்து லாத்தாவின் முகத்துக்கு நேராக அவ்வளவையும் தொட்டியில் கொட்டினேன். புகுந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷத்தில் அவரை எதிர்த்து நான் ஒரு சொல் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, கொட்டினேன், அவ்வளவுதான்.

இமான் அறைக்குள் தரையில் விரித்த பழைய துணிமேல் படுத்திருந்தாள். என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். "உக்காருங்க. கைய வைங்க" என்றேன்.

"ஷாஹிரா, நான் அஸர் தொழுவணும்…"

"கழுவிக்கலாம். பினாங்குல தண்ணிக்கா பஞ்சம்?"

அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். இமான் தானே சட்டையைத் தூக்கிக் காட்டினாள், டாக்டரிடம் பழகியிருந்தாள். அவர் விரல்களைப் பிடித்து இடப்பக்கம் அடிவயிற்றில் வைத்து அழுத்தினேன். கிளினிக்கில் எனக்கு என்ன ஆனதோ அதுதான் அவருக்கும் ஆனது. முகம் வெளுத்துவிட்டது.

"என்னது இது?" என்றார்.

"நீங்க ஊரெல்லாம் சொல்லிப் பாராட்டின நோன்பு" என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று நீங்கள் நினைக்கலாம். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை மறந்தது மட்டும்தான் என் தப்பு. இமானுக்கு அந்தப் பேச்சில் இருந்த விஷம் புரியவில்லை. நோன்பு என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. படுத்தபடியே அத்தாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"மஃரிப் வரைக்கும் வெச்சேன்ல அத்தா. தண்ணிகூடக் குடிக்கல."

அவர் கையை எடுக்கவில்லை. அந்தக் கெட்டியின்மேல் விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே லாத்தா செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் எழுந்து அடுப்படிக்குப் போய், தானே ஒரு தம்ளர் தண்ணீரில் மருந்துத் தூளைக் கரைத்துக்கொண்டு வந்தார். "குடிம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அடைப்பு உடைந்தது. அதை விவரிக்கப் போவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வேண்டாம். ஒரு சின்ன உடம்புக்குள் அவ்வளவு இருந்ததா என்று நானும் அவரும் கழிப்பறை வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று ராத்திரி இமான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால் நாங்கள் ஏமாளிகள். விரிந்த இடம் பழையபடி சுருங்கவும், உணர்ச்சி திரும்பவும் மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு கழிப்பறையில் உட்காரவைத்தேன். கால் தொங்கக் கூடாது, முட்டி உயர்ந்திருக்க வேண்டும் என்பதால் பக்கெட்டைக் கவிழ்த்துப் பாதத்துக்குக் கொடுத்தேன். சும்மா உட்கார மாட்டாள் என்று சோப்புக் குமிழி ஊதுகிற டப்பா ஒன்று வாங்கினேன். ஊதும்போது வயிறு தானே இறுகி வேலை செய்யும். கழிப்பறை முழுக்கக் குமிழிகள். வந்தால் சந்தோஷம், வராவிட்டால் கழுவிக்கொண்டு வெளியே. திட்டு கிடையாது. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான மருந்து.

ஒருநாள் நான் தைத்துக்கொண்டிருந்தபோது இமான் மேசைப் பக்கத்தில் வந்து நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புதிதாக ஏதோ கேட்கிறவள் போலத் தலையைச் சாய்த்தாள். "அம்மா, வருது" என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் ஊசியை விரலில் குத்திக்கொண்டேன், அதைக் கவனிக்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

லாத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் ஏறி வரவில்லை. பிறகு ஒருநாள் ஒரு முழுப் பப்பாளியோடு வந்தார். தேத்தண்ணிப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பப்பாளியை நறுக்கி இமானுக்கு ஊட்டிவிட்டு, "நல்லா இனிப்பா இருக்குலா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு அதற்குமேல் மன்னிப்புக் கேட்கத் தெரியாது. எனக்கு அது போதும்.

என் வீட்டுக்காரரும் மாறினார். ஒரு சாயங்காலம் குளியலறையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து இமானின் கறைபட்ட ஜட்டியைக் கசக்கிக்கொண்டிருந்தார். மூன்று தண்ணீரில் அலசி, முகர்ந்து பார்த்து, மறுபடி அலசினார். "நான் துவைக்க மாட்டேனா?" என்றேன். "நீ எத்தன நாளாத் துவைக்கிற" என்றார். அதிலிருந்து அது அவர் வேலை. துவைத்துவிட்டு, குளித்து, ஒளுச் செய்துவிட்டுத் தொழப் போவார்.

ஆனால் மடி காலியாகத்தான் இருந்தது. இப்போது அவர் உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவதில்லை. நிறுத்த அவசியமில்லை, அவள் வருவதே இல்லை. மஃரிப் முடிந்து அவர் விரிப்பில் உட்கார்ந்திருப்பார், இமான் சுவரோரமாகப் பொம்மையோடு உட்கார்ந்திருப்பாள். இடையில் தரை. கண்ணால் மட்டும் அவரைப் பார்த்துக்கொள்வாள்.

"கூப்பிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"எந்த முகத்த வெச்சிக்கிட்டுக் கூப்பிடறது?" என்றார். "அவ நோயா இருந்தப்பத் தள்ளி வெச்சேன். இப்ப நல்லானதும் கூப்பிட்டா, அவ என்ன நினைப்பா? சுத்தமா இருந்தாத்தான் அத்தான்னு நினைக்க மாட்டாளா?"

இவ்வளவு யோசிக்கத் தெரிந்த மனிதர் முதலிலேயே கொஞ்சம் யோசித்திருக்கலாம். அதை வாய்வரை கொண்டுவந்து விழுங்கிவிட்டேன். அவர் கண் கலங்கியிருந்தது.

நோன்பு வந்தது. முதல் நாள் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு நாங்கள் எழுந்தபோது இமானும் கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்து வந்து தட்டின்முன் உட்கார்ந்தாள். "நானும் வெக்கிறேன். இந்தத் தடவ முழு மாசம்" என்றாள். அவர்தான் பதில் சொன்னார்.

"உனக்கு இப்ப நோன்பு இல்லம்மா. பெரிய பிள்ளையானதும் அத்தாவே எழுப்பி விடறேன்."

"முதலாளி பொம்மை வாங்கித் தரமாட்டாரா?"

"அத்தா வாங்கித் தரேன். நீ தண்ணி குடி."

விடுமுறை நாளில் வீட்டில் இருக்கும்போதெல்லாம் அவரே அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். தன் நாக்கு வறண்டிருக்க, அவள் கடைசி மடக்கு வரை குடிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பார். மாதம் முழுக்கக் கறை படவில்லை. டாக்டர் மருந்தைக் கொஞ்சம் குறைத்தார், நிறுத்தவில்லை.

பெருநாளுக்கு இமான் வெளிர்மஞ்சளில் கவுன் கேட்டாள். கடந்த ஒரு வருஷமாக அவளுக்குக் கறுநீலத்திலும் காப்பி நிறத்திலும்தான் தைத்திருந்தேன்; காரணம் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் துணியை வெட்டும்போது கத்தரிக்கோல் கொஞ்சம் தயங்கியது. பிறகு வெட்டினேன்.

பெருநாள் காலையில் அவர் பள்ளிவாசலிலிருந்து தொழுதுவிட்டு வந்தார். புது வெள்ளைச் சட்டை, புது வெள்ளைக் கைலி, அத்தர் மணம். சோபாவில் உட்கார்ந்தார். லாத்தாவின் பிள்ளைகள் வரிசையாக வந்து கையைப் பிடித்து ஸலாம் சொல்லிக் கையை முத்தமிட்டார்கள். கடைசியாக இமான் வந்தாள். நீட்டின கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்று, உடம்பை முன்னால் வளைத்து, அவர் விரல்களில் உதட்டை வைத்தாள். வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

அவர் அந்தக் கையை விடவில்லை. "இங்க வா" என்றார். தொடையைத் தட்டிக் காட்டினார். "அத்தா மடியில உக்காரு."

இமான் மடியைப் பார்த்தாள். கைலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"இருங்க அத்தா" என்றாள். "கழுவிட்டு வரேன்."

"வேணாம்மா. நீ சுத்தமாத்தான் இருக்க. வா."

அதற்குள் அவள் ஓடிவிட்டாள். குளியலறையில் குழாய் திறக்கிற சத்தம். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். லாத்தா எழுந்திருக்கப் போனார், நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். பிள்ளைகள்கூட முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் யாரையும் பார்க்காமல் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது மஞ்சள் கவுன் இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் சொட்டியது. நேராக என்னிடம் வந்து முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். ஈரக் கவுனை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"பாருங்கம்மா, போயிருச்சா?"

போவதற்கு அங்கே ஒன்றும் இருந்ததில்லை. "போயிருச்சு தங்கம்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அவள் போய் அவர் முழங்காலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முழுப் பாரத்தையும் போடவில்லை. கால் விரல்களைத் தரையில் ஊன்றியிருந்தாள், எழுந்திரு என்று சொன்னால் எழுந்துவிட வசதியாக. வெள்ளைக் கைலியில் ஈரம் பரவ ஆரம்பித்ததும் அவளே முதலில் கவனித்தாள்.

"அத்தா, நனையுது."

அவர் அவளை இழுத்து அணைக்கவும் பயந்தவர் போல, அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் தொடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ ஸலாம் சொன்னார்கள். நூர் முகம்மது முதலாளியும் அவர் வீட்டாரும், கையில் பலகாரத் தட்டுகளோடு நின்றார்கள். முதலாளி வந்தால் முதல் ஆளாக எழுந்து ஓடுகிறவர் என் வீட்டுக்காரர். அன்று எழுந்திருக்கவில்லை. மகளின் கால் விரல்கள் தரையை விட்டு மேலே வருகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.